எங்களுக்காகப் பிடித்துவைத்த அறை

பேரம் பேசாமல் நான் எதையும் வாங்கியதில்லை. லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய் விற்கிறவர் என்னைக் கண்டால் முதலில் தராசைத் துடைப்பார், அப்புறம்தான் வாயைத் திறப்பார். இருபத்தெட்டு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவள், என்னை ஏமாற்ற முடியாது என்று எனக்கு ஒரு திமிர் உண்டு. "பேரம் பேசாம நீ எடுத்துக்கிட்டது என்னை ஒருத்தனைத்தான். அதுவும் உங்கப்பா உன்னைக் கேக்காம முடிச்சதுனால" என்று என் கணவர் சிரிக்காமல் சொல்வார். அந்தத் திமிரோடுதான் இந்தக் கப்பல் விஷயத்திலும் இறங்கினேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதிலும் நான் ஏமாறவில்லை. ஏமாந்தவர்கள் வேறு இரண்டு பேர்.

என் கணவர் கல்கத்தா துறைமுகத்தில் முப்பத்துநாலு வருடம் வேலை பார்த்தார். கப்பல் ஓட்டுகிற வேலை இல்லை. எந்தக் கப்பல் எந்த பெர்த்தில், அதாவது துறையில் எந்த இடத்தில், எத்தனை நாள் நிற்கலாம் என்று தினமும் பட்டியல் போடுகிற வேலை. ஆற்றில் தண்ணீர் ஏறும் நேரம் பார்த்துக் கப்பல்கள் உள்ளே வரும். இவர் எழுதிவைத்த இடத்தில் போய் நிற்கும். அத்தனை கப்பல்களுக்கு இடம் பார்த்துக் கொடுத்தவர் ஒன்றில்கூடக் கடலுக்குப் போனதில்லை. ரிடையர் ஆனதும் போகலாம் என்று வைத்திருந்தோம். ரிடையர் ஆன மறுவருடமே பக்கவாதம் வந்தது. இடது பக்கம் விழுந்துவிட்டது. இப்போது சக்கர நாற்காலிதான். பிடித்துக்கொண்டால் நாலு அடி வைப்பார். பேச்சு திரும்பிவிட்டது, ஆனால் மெதுவாக வரும். அவர் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்து முடிப்பதற்குள் எனக்குப் பொறுமை போய்விடும். மீதியை நானே சொல்லி முடித்துவிடுவேன். அதை அவருக்குச் செய்கிற ஒத்தாசை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் காலை இட்லியை விண்டுகொண்டே, "ஒரு தடவ... கப்பல்ல..." என்று ஆரம்பித்தார்.

"போகணுமா? போலாமே! அதுக்கென்ன?" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் இருந்த சாம்பாரைப் பார்க்க உள்ளே போய்விட்டேன். அவர் இன்னும் ஏதோ சொல்ல வந்தார் என்பதே எனக்குத் தெரியவில்லை.

எங்களுக்குப் பிரயாணம் என்றால் பவானிபூர் தாதாதான். தமிழ்நாட்டில் தாதா என்றால் பயப்படுவார்கள். இங்கே அது அண்ணன். மருந்துக்கடைக்கும் இஸ்திரிக் கடைக்கும் நடுவில், ஒரு பழைய வீட்டின் கீழ்ப்பகுதியில் அவருடைய டிராவல் ஏஜென்சி. ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், இரண்டு நாற்காலி. மூன்றாவது ஆள் வந்தால் நின்றுகொண்டுதான் பேச வேண்டும். வங்காளி, எழுபதை நெருங்குகிறவர். என்னைப் பௌதி என்று கூப்பிடுவார், அண்ணி என்று அர்த்தம். எங்களிடம் வங்காளத்தில்தான் பேசுவார். அவர் பேச்சை என் தமிழில் எழுதுகிறேன்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. இங்கே இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பாதி மத்திய அரசு வேலை. ஊருக்குப் போக லீவுக்கு எழுதிக்கொடுத்து, அது சாங்ஷன் ஆகி வருவதற்குள் ரயிலில் இடம் தீர்ந்துவிடும். அதனால் நாம் "பாக்கலாம் தாதா, இன்னும் முடிவாகலை" என்று சொல்லிவிட்டு வந்தாலும், அவர் பாட்டுக்கு இடத்தைப் பிடித்துவைத்துவிடுவார். நம்மிடம் மூச்சுவிட மாட்டார். லீவு கிடைத்துப் பரபரவென்று போய் நின்றால், மேஜை டிராயரிலிருந்து டிக்கெட்டை எடுத்து நீட்டுவார். லீவு கிடைக்காவிட்டால் அதைக் கேன்சல் செய்துவிட்டு அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார். என் மகள் பிறந்த வருடத்திலிருந்து இதைப் பார்த்துவருகிறேன். எனக்கு இது தெரியாது என்று நான் சொல்லவே முடியாது.

கப்பல் பற்றி விசாரிக்க நான் போனதும், எடுத்த எடுப்பில் விலை சொல்லாமல், "நான் வீட்டுக்கு வரேன். அவர்கிட்ட பேசணும்" என்றார். டாக்குரியாவில் எங்கள் வீடு கீழ்த்தளம், நாற்காலிக்காகவே மாடி வீட்டை விட்டு இங்கே வந்திருந்தோம். மறுநாள் மத்தியானம் அவர் வந்தார். என் கணவருக்கு எதிரே உட்கார்ந்து, "என்ன பாக்கணும் உங்களுக்கு?" என்று கேட்டார்.

இவர் ஆரம்பித்தார். நான் வாயைத் திறந்தேன். தாதா என் பக்கம் திரும்பாமலே கையைக் கொஞ்சம் உயர்த்தினார், டிராஃபிக் போலீஸ்காரர் நிறுத்துகிற மாதிரி. டீ ஆறிக்கொண்டிருந்தது. என் கணவர் ஒவ்வொரு வார்த்தையாகத் தேடித் தேடிச் சொன்னார்.

"ஆத்துல கப்பல் பாத்தா... ரெண்டு பக்கமும் கரை இருக்கும். கரையே இல்லாத எடத்துல... தனியா, சத்தமில்லாம... கொஞ்ச நேரம் உக்காந்து பாக்கணும்."

"அப்ப பால்கனி வச்ச ரூம் வேணும்" என்றார் தாதா. "வாசப்படி இல்லாத பால்கனி."

அதன்பிறகு பையிலிருந்து இன்ச் டேப்பை எடுத்தார். நாற்காலியின் அகலத்தை அளந்தார். எங்கள் குளியலறைக் கதவை அளந்தார். பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, பென்சிலால் ஒரு கப்பல் அறையை வரைந்தார். சாதாரண அறையில் கதவு குறுகல், நாற்காலியை மடக்காமல் உள்ளே போகாது. குளியலறைக்கு நாலு விரல் உயரத்துக்கு ஒரு படி இருக்கும். பால்கனிக்கும் அப்படியே. சக்கர நாற்காலிக்காரர்களுக்கு என்று கட்டின அறை வேறு. கதவு அகலம், தரை ஒரே மட்டம், நாற்காலியிலேயே பால்கனி வரைக்கும் போய்விடலாம். ஒரு கப்பலில் அந்த மாதிரி அறைகள் கொஞ்சம்தான் இருக்கும், அதில் பால்கனி உள்ளது இன்னும் கொஞ்சம். சிங்கப்பூரிலிருந்து கிளம்புகிற ஒரு கப்பலைச் சொன்னார், நாலு ராத்திரி. எந்தத் தளம், நடுவில் இருந்தால் ஆட்டம் ஏன் குறைவு, லிஃப்ட் எத்தனை அடி தூரம் என்று எல்லாம் சொல்லி, படத்தின் மேலே அறை எண்ணையும் எழுதினார். என் கணவர் அந்தத் தாளை வாங்கி, தன்னுடைய பழைய ஆபீஸ் பட்டியலைச் சரிபார்க்கிற மாதிரி விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

இப்படி ஐந்து மத்தியானங்கள். சில நாள் அவர் வந்தார், சில நாள் நான் பவானிபூர் போனேன். விசா, இன்ஷூரன்ஸ், விமானத்தில் நாற்காலியை என்ன செய்வார்கள், கப்பலில் பத்தியச் சாப்பாடு கிடைக்குமா என்று நான் துருவித் துருவிக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். எல்லாவற்றையும் நான் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். "யோசிச்சு சொல்லுங்க பௌதி, அவசரமில்லை" என்றார் கடைசியில். அவசரமில்லை என்று ஒரு ஏஜென்ட் சொன்னால் என்ன அர்த்தம் என்று அன்றைக்கே நான் யோசித்திருக்க வேண்டும்.

நான் யோசித்தது வேறு. அன்று மாலை புனேயிலிருந்து மகள் பேசினாள்.

"அம்மா, இந்தக் காலத்துல யாராவது ஏஜென்ட்டு கிட்ட போவாங்களா? கம்பெனி வெப்சைட்லயே எடு. நேரா எடுத்தா சலுகை வேற தராங்க. அவருக்குக் கமிஷன் வரணும்னு விலை ஜாஸ்தி ரூமா உன் தலையில கட்டுவார்."

அவள் சொன்னது சுருக்கென்று மனதில் போய் உட்கார்ந்துகொண்டது. நாலு விரல் படி, குறுகல் கதவு என்றெல்லாம் அவர் அளந்து காட்டியது உண்மையா, வியாபாரப் பேச்சா? எங்கள் வீட்டுக் குளியலறையில்கூட ஒரு சின்னப் படி இருக்கிறது, சமாளிக்கவில்லையா? ஐந்து மத்தியானம் எங்களுக்காக ஒதுக்கி, இன்ச் இன்ச்சாக அளந்து, தன் வேலையை எல்லாம் விட்டுவிட்டுச் சொல்லிக்கொடுத்த மனிதரைப் பற்றித்தான் இப்படி நினைத்தேன். எழுதும்போது கூசுகிறது. அன்றைக்குக் கூசவில்லை, கெட்டிக்காரத்தனமாகவே தோன்றியது.

மறுநாள் மத்தியானம் லேப்டாப்பைத் திறந்தேன். தாதா சொன்ன அதே கப்பல், அதே தேதி, அதே தளம். என் நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்ததால் எனக்கு எல்லாமே சுலபமாக இருந்தது. எது யாருடைய உழைப்பு என்று அப்போது உறைக்கவில்லை. பால்கனி வைத்த அறைகளின் வரிசை வந்தது. சில அறைகளின் பக்கத்தில் சின்னதாகச் சக்கர நாற்காலிப் படம் போட்டிருந்தது. அவையெல்லாம் சாம்பல் நிறமாகிக் கிடந்தன. காலி இல்லை என்று அர்த்தம். காலண்டர் தாளில் இருந்த எண்ணைத் தேடினேன். அதுவும் சாம்பல்.

பார்த்தாயா, அவர் சொன்ன அறை இல்லவே இல்லை, இல்லாத அறையைக் காட்டி நம்மை இழுத்திருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. திரையின் மூலையில் ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. இந்த விலை இன்னும் இருபது நிமிடம்தான் என்றது. லேக் மார்க்கெட்டையே நடுங்கவைக்கிற என்னை அந்தக் கடிகாரம் நடுங்கவைத்துவிட்டது. அதனோடு பேரம் பேச முடியாதே.

ஹாலில் இருந்து அவர் குரல் கொடுத்தார். "என்ன... பாக்கற?"

"ஒண்ணுமில்ல, நீங்க டிவி பாருங்க."

"கப்பலா? அந்த ரூமு..."

"கெடைச்சிடும், கெடைச்சிடும். இருங்க."

வெப்சைட்டில் அரட்டைப் பெட்டி ஒன்று இருந்தது. சக்கர நாற்காலியில் வருகிறவர் உண்டு என்று தட்டினேன். சக்கர நாற்காலிப் பயணிகளை அன்போடு வரவேற்கிறோம் என்று பதில் வந்தது. அது போதும் என்று எடுத்துக்கொண்டேன். அதே வரிசையில், ஐந்து கதவு தள்ளி ஒரு சாதாரண பால்கனி அறையை எடுத்தேன். கார்டு எண்ணைப் போட்டு அழுத்தினேன். கடிகாரம் நின்றது. சலுகையாக ஒரு வேளை சிறப்பு விருந்தும் கிடைத்தது. மகளுக்கு ஃபோன் செய்து, "எடுத்துட்டேன்டி, நானே எடுத்துட்டேன்" என்றேன். கணவரிடம் போய் டிக்கெட் வந்துவிட்டது என்று சொன்னேன். முகம் மலர்ந்துபோனார். அந்த அறையா என்று அவர் கேட்கவில்லை, அல்லது கேட்க வந்ததை நான் கேட்கவில்லை.

தாதாவிடம் என்ன சொல்வது என்ற கேள்வி மிச்சம் இருந்தது. உள்ளதைச் சொல்ல முகம் இல்லை. ஃபோனில், "அவருக்கு ரெண்டு நாளா உடம்பு சரியில்ல தாதா. டாக்டர் போக வேண்டாங்கறார். இந்த வருஷம் கப்பல் வேண்டாம்" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். சொன்னபிறகு சாமி படத்துக்கு முன்னால் போய் ஒருமுறை கன்னத்தில் போட்டுக்கொண்டேன். இல்லாத நோயைக் கட்டிய கணவர் தலையில் வைத்துவிட்டோமே என்ற பயம். நாங்கள் போய்வந்து கொஞ்ச மாதத்தில் டாக்டர் உண்மையிலேயே, இனிமேல் விமானம் கூடாது, நீண்ட பிரயாணம் கூடாது என்று சொல்லிவிட்டார். கணக்கு டீச்சர் இதையும் அதையும் முடிச்சுப் போடக்கூடாது. ஆனாலும் அன்று ராத்திரி நான் தூங்கவில்லை.

தாதா ஃபோனில், "உடம்புதான் முக்கியம் பௌதி. கவலைப்படாதீங்க, நான் விட்டுடறேன்" என்றார். எதை விடுகிறார் என்று நான் கேட்கவில்லை. எப்படியோ தப்பித்தோம் என்று வைத்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து மாலையில் வாசல் மணி அடித்தது. திறந்தால் தாதா. கையில் ஆப்பிள், மாதுளை, ஒரு சந்தேஷ் இனிப்புப் பெட்டி. உடம்பு சரியில்லாதவரைப் பார்க்க வந்திருக்கிறார். அவர் நேரே ஹாலுக்குப் போய் என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"இப்ப உடம்பு எப்படி இருக்கு?"

"எப்பவும்... போல" என்றார் இவர். அப்புறம் வலது கையால் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, குழந்தை மாதிரி முகமெல்லாம் சிரிப்பாக, "டிக்கெட்... வந்தாச்சு" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தை முடிக்க அவருக்கு என் ஒத்தாசை தேவைப்படவில்லை. நான் சமையலறை வாசலில் நின்றேன். தாதா என்னைப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார். என்ன நடந்தது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. "அப்படியா! ரொம்ப சந்தோஷம்!" என்றார் சத்தமாக. "எங்க, காட்டுங்க பாக்கலாம்."

பிரிண்ட் எடுத்த தாளைக் கொண்டுவந்து கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அறை எண்ணைப் படித்தார். அந்த இடத்தில் அவர் முகம் ஒரு கணம் மாறியது. தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சிங்கப்பூர் வெயிலைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார். டீ குடித்தார். எழுந்தார். நான் கேட் வரைக்கும் கூடப் போனேன்.

"பௌதி, இது அந்த ரூம் இல்லையே."

"அது காலி இல்லேன்னு காட்டிச்சு தாதா."

"காலி இல்லதான். நான் பிடிச்சு வச்சிருந்தேன், உங்களுக்கு. முந்தாநாள் நீங்க ஃபோன் பண்ணதும் விட்டுட்டேன்."

தெருவில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே போனது. கோபமாகப் பேசியிருந்தால் நானும் ஏதாவது பதிலுக்குப் பேசித் தப்பித்திருப்பேன். அவர் கோபப்படவில்லை.

"நேரா எடுக்கப்போறேன்னு சொல்லியிருக்கலாமே. நானே விட்டுக் கொடுத்து, அந்த நிமிஷமே எடுங்கன்னு சொல்லியிருப்பேன். சலுகையும் கெடைச்சிருக்கும், ரூமும் கெடைச்சிருக்கும்."

இரண்டும் கிடைத்திருக்கும். என் கணக்கில் வராத விடை அது.

கேட்டில் நின்றபடியே அவர் கம்பெனிக்கு ஃபோன் போட்டார். இது நேரடியாக எடுத்த டிக்கெட், ஏஜென்ட்டிடம் பேச மாட்டோம், பயணிதான் பேச வேண்டும் என்றார்கள். நான் பேசினேன். அந்த அறையை அன்று காலைதான் யாரோ எடுத்திருந்தார்கள். அந்த வகையில் வேறு எதுவும் இல்லை. அடுத்த ஒரு வாரம் தினமும் பேசினேன். ஒன்றும் நடக்கவில்லை. கேன்சல் செய்துவிட்டு வேறு தேதி பார்க்கலாம் என்று தாதா சொன்னார். அதற்கு என் கணவரிடம் காரணம் சொல்ல வேண்டும். அதைச் சொல்லத் துணிவில்லாமல், "சமாளிச்சுக்கறோம் தாதா" என்றேன். அவர் மறுபடி ஒருநாள் வந்து, குளியலறைக்குள் போட ஒரு குட்டி ஸ்டூலும் வழுக்காத விரிப்பும் எடுத்துப்போக வேண்டும், படியில் ஏறும்போது நான் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்றெல்லாம் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அவருக்கு எங்களிடமிருந்து வரவேண்டியது ஒன்றுமே இல்லாதபோது.

கப்பலில் எல்லாம் அவர் அளந்து சொன்னபடியே இருந்தது. அதைவிடப் பெரிய தண்டனை எனக்கு வேண்டாம். அறைக் கதவில் நாற்காலி நுழையவில்லை. அவரை எழுப்பி நிறுத்தி, நாற்காலியை மடக்கி, அவரைத் தாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கட்டிலில் உட்காரவைத்தேன். மடக்கிய நாற்காலியை வராந்தாவில் விடக்கூடாது என்றார்கள், அதையும் உள்ளே இழுத்துப் போட்டேன். வெளியே போவது என்றால் இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். எனக்கும் அறுபதைத் தாண்டிவிட்டது.

முதல் நாள் சாயங்காலம், கரை மறைந்த நேரம், பால்கனிக்குப் போகலாம் என்று எழுந்தார். கண்ணாடிக் கதவைத் தள்ளிவிட்டு, நான் முதலில் தாண்டி நின்று கையைக் கொடுத்தேன். வலது காலை வைத்துவிட்டார். இடது கால் அந்தப் படியில் இடித்து நின்றுவிட்டது. கப்பல் லேசாக அசைந்தது. அவர் பின்னால் சாய, பிடித்த கையோடு நானும் உள்ளே இழுபட்டு, இரண்டு பேரும் அறைக்குள்ளேயே கம்பளத்தில் உட்கார்ந்துவிட்டோம். அடிபடவில்லை. அவரை மறுபடி கட்டிலில் ஏற்றுவதற்கு அறை சுத்தம் செய்கிற பெண்ணைக் கூப்பிட வேண்டியிருந்தது. அவள் போனபிறகு, "போதும்" என்றார். அந்த ஒரு வார்த்தை மட்டும் தடங்கல் இல்லாமல் வந்தது.

அப்புறம் மீதி நாளெல்லாம் கண்ணாடிக்குப் பின்னால்தான். உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் பால்கனிக் கைப்பிடிக்கு மேலே ஒரு பட்டை மாதிரி கடல் தெரிந்தது. தூரத்தில் சரக்குக் கப்பல் போனால் எத்தனை டன் இருக்கும் என்று சொல்வார். மேல் தளத்துக்கு ஒருநாள் கூட்டிப்போனேன். அங்கே நீச்சல் குளமும் பாட்டும் குழந்தைகளின் கூச்சலும். அரை மணியில் திரும்பிவிடலாம் என்றார். இரண்டாம் நாள்தான் கவனித்தேன், அவர் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருந்தார். குளியலறைக்கு என்னை எழுப்ப வேண்டாம் என்று. தம்ளரை வாயருகே கொண்டுபோய் உதட்டை நனைத்துவிட்டு வைத்துவிடுவார். நான் சத்தம் போட்டேன், குடிங்க, குடிங்க என்று. சத்தம் போடுவது எனக்குச் சுலபமாக வருகிறது.

மூன்றாம் நாள் காலை, வராந்தாவில் போகும்போது ஐந்து கதவு தள்ளி ஓர் அறை திறந்திருந்தது. சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். எண்ணைப் பார்த்தேன். பென்சிலால் எழுதியிருந்த அதே எண். அகலமான கதவு. உள்ளே இரண்டு நாற்காலி திரும்புகிற இடம். தரை ஒரே மட்டமாகப் போய் பால்கனியில் முடிந்தது. கண்ணாடிக் கதவு திறந்திருந்தது, காற்று உள்ளே வந்துகொண்டிருந்தது. கட்டில் மேல் ஊதிய நீச்சல் வளையம் ஒன்று கிடந்தது. அங்கேயே நின்றுவிட்டேன். அந்த அறைக்காரப் பெண் வந்தாள், சின்ன வயது, தோளில் குழந்தை. அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. காலி என்று காட்டியது, எடுத்திருக்கிறார்கள். என்னைப் பார்த்துச் சிரித்து, "ஏதாவது வேணுமா ஆன்ட்டி?" என்று இந்தியில் கேட்டாள்.

அறையை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கலாம். ஒரு மணி நேரம் அவரை இங்கே உட்காரவைக்கட்டுமா என்றாவது கேட்டிருக்கலாம். நல்ல பெண்ணாகத்தான் இருந்தாள், மறுத்திருக்க மாட்டாள். ஆனால் அவரை இங்கே கூட்டிவந்தால், காலண்டர் தாளை மனப்பாடம் செய்திருந்த மனிதர் எண்ணைப் பார்த்ததும், இதுவரை கேட்காமல் விட்டதையெல்லாம் கேட்பார். இது எப்படிக் கைவிட்டுப் போனது என்று நான் சொல்ல வேண்டிவரும். "ஒண்ணும் வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டு நடந்தேன். தாதாவிடம் சொன்ன பொய்யைக்கூட ஒருவேளை நான் மறந்துவிடுவேன். இதை என்னால் மறக்க முடியாது. கரையில்லாத கடலுக்கும் அவருக்கும் நடுவில் அன்று நின்றது படி இல்லை, நான்தான்.

திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை தாதா வந்தார். பிரயாணம் போய்வந்தவர்களைப் பார்க்க வருவதும் அவருடைய வழக்கம். "எப்படி இருந்துச்சு?" என்று என் கணவரிடம் கேட்டுவிட்டு, எப்போதும்போலக் காத்திருந்தார்.

"ரொம்ப நல்லா... இருந்துச்சு. பால்கனியில உக்காந்தேன். கரையே இல்ல" என்றார் இவர்.

அந்தப் படியின் உயரம் தெரிந்தவர் தாதா. என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. "பாலோ, கூப் பாலோ" என்றார். நல்லது, ரொம்ப நல்லது. அவர் போகும்போது கேட்டில் நான் மன்னிப்புக் கேட்டேன். எனக்கு அது பழக்கமில்லாத வேலை, சரியாகச் செய்யவில்லை. "விடுங்க பௌதி" என்றார். விட்டுவிட்டதாக அவர் முகத்தில் தெரியவில்லை.

உள்ளே வந்து என் கணவர் எதிரே உட்கார்ந்தேன். தாதா உட்கார்ந்திருந்த அதே இடம். வெப்சைட்டில் பார்த்தது, ஃபோனில் சொன்ன பொய், தாதா பிடித்துவைத்திருந்தது, கப்பலில் திறந்திருந்த கதவு, அந்தப் பெண் கேட்டது, நான் வேண்டாம் என்று வந்தது எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன் என்றும் சொல்லத்தான் வேண்டும். பிறகு அவர் ஆரம்பித்தார்.

"நான்... என்ன வேல பாத்தேன்? முப்பத்துநாலு வருஷம்?"

பெர்த் லிஸ்ட் என்று நாக்கு நுனி வரை வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

"பெர்த் லிஸ்ட்... போட்டேன். ஒரு பெர்த் காலி இல்லேன்னா... மொதல்ல என்ன கேப்போம் தெரியுமா? யாருக்காகப் பிடிச்சு... வச்சிருக்குன்னு கேப்போம்." நிறுத்தி மூச்சு வாங்கினார். "நீ பாத்துட்டிருந்தப்போ... நான் ஹால்லதான் இருந்தேன். எங்கிட்ட... கேட்டிருந்தா, தாதாவுக்கு ஃபோன் பண்ணுன்னு... சொல்லியிருப்பேன். கை கால்தான்... விழுந்துச்சு. வேல... மறந்துபோகல."

இதைச் சொல்லி முடிக்க அவருக்குப் பத்து நிமிடம் பிடித்திருக்கும். முடிக்கிறவரை நான் குறுக்கே பேசவில்லை. அவர் படுத்து எழுந்தபிறகு, அவரை நான் முழுசாகப் பேசவிட்டது அதுதான் முதல் தடவை.